சாப்பிட்டதும் கம்பளிக்குள்ளே: நெஞ்செரிச்சல் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் கொடைக்கானல் மலையில் தொண்டைக்கும் தொப்புளுக்கும் நடுவே எது தொந்தரவு செய்தாலும் கேஸ் என்பார்கள், இல்லாவிட்டால் அல்சர் என்பார்கள். தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ ஒரு டீக்கடை வாசலில் நின்று நெஞ்சு எரிகிறது என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் சோடா குடிக்கச் சொல்வார். ஒருவர் பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்வார். இன்னொருவர் சட்டைப்பையிலிருந்தே ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவார். மூவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முதலாவது எரிச்சலைக் கூட்டக்கூடியது, இரண்டாவது சிலருக்கு மட்டும் கூட்டும், மூன்றாவதை நேரம் தவறிப் போட்டால் பாதிக்குமேல் வீண். ஏன் என்று புரிய வேண்டுமானால், எரிவது எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எரிவது உணவுக்குழாய்

வாயிலிருந்து இரைப்பைக்கு இறங்கும் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். நெஞ்சுக்கூட்டுக்குள் இதயத்துக்குப் பின்புறமாக இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்தில் உள்ள துளை வழியாக நுழைந்து இரைப்பையில் சேர்கிறது. சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை உண்டு. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாய் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். சோறு இறங்கும்போது திறக்கும், இறங்கியதும் கயிற்றை இழுத்ததுபோல் இறுகிக்கொள்ளும். ஏப்பம் விடும்போது காற்று வெளியேற ஒரு கணம் தளரும். அதுவும் இயல்புதான்.

இரைப்பைக்குள் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. இரைப்பையின் உள்சுவரில் கோழையான ஒரு படலம் இருப்பதால் அந்த அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காப்பு கிடையாது. சுருக்குப்பையின் வாய் தளர்ந்து அமிலம் மேலே ஏறினால் நெஞ்சின் நடுவில் எரிகிறது, வாயில் புளிப்பு தட்டுகிறது, சில நேரம் சாப்பிட்டதே எதுக்களித்து வருகிறது.

எரிச்சலே இல்லாமலும் இது வரும். இரவில் படுத்தபின் வறட்டு இருமல், காலையில் கரகரத்த குரல், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் ஓர் உணர்வு, காரணம் தெரியாமல் பல் எனாமல் தேய்வது, இவையெல்லாம் சிலருக்கு எதுக்களிப்பின் முகங்கள். மலையில் இந்த இருமலுக்குப் பனிதான் காரணம் என்று சொல்லிவிட்டு, வருஷம் முழுக்க மப்ளர் சுற்றிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

ஆக, அமிலம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பலருக்கு அது அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதுகூட இல்லை. பையின் வாய் ஏன் தளர்கிறது, ஏறிய அமிலம் எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம். எந்தப் பத்தியத்தையும், எந்தக் கைவைத்தியத்தையும் இந்த இரண்டு கேள்விகளால் உரசிப் பாருங்கள். உண்மையில் உதவுவது எது, சும்மா வாய்ச்சொல் எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

அல்சர் வேறு சங்கதி. அது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ விழும் புண். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலும், வலி மாத்திரைகளாலும்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் தன் கருத்தை நிரூபிக்க அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் மருந்துக்கடையில் வாய்வார்த்தையாக வாங்கி விழுங்குகிற மாத்திரைகள் அல்சரையும் கொண்டுவரும், நெஞ்செரிச்சலையும் கூட்டும். தோட்ட வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

மேற்கொண்டு போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மலையில் உயிர் போகிற விஷயம். மாரடைப்பும் பலருக்கு "கேஸ் அடைத்த மாதிரி"தான் தொடங்கும். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, மேடேறும்போது வந்து நின்றால் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமலே, வெறும் அசதியும் குமட்டலுமாகக்கூட வரலாம். கீழே இறங்க எத்தனை கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். சமவெளிக்காரர் அரை மணி நேரம் யோசிக்கலாம் என்று நினைத்தாலே தவறு. நமக்கு அந்த அரை மணி கையிலேயே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு

என் கணிப்பில் மலைக்காரர்களின் நெஞ்செரிச்சலில் பெரும்பங்கு தட்டில் இருப்பதால் வருவதில்லை, தட்டைக் கழுவி வைத்த பிறகு செய்வதால் வருகிறது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்தால் குளிர் எலும்பில் ஏறும். எட்டு மணிக்குச் சுடச்சுடச் சோறும் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டு, எட்டரைக்குள் கம்பளிக்குள் நுழைந்துவிடுகிறோம். கீழ்ப்பழனி மலையில் குளிர் கொஞ்சம் குறைவு, பழக்கம் அதேதான்.

கெட்டியான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க இரண்டு முதல் நான்கு மணி நேரமாவது ஆகும். எண்ணெயும் கறியும் இருந்தால் இன்னும் தாமதம். சாப்பிட்டவுடன் புதிதாகச் சுரக்கும் அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலக்காமல் அதன் மேல்மட்டத்தில், பையின் வாய்க்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் புவியீர்ப்பு நம் பக்கம். நிரம்பிய சுருக்குப்பையைப் படுக்கப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் படுத்தால் ஆகிறது. போதாததற்கு, ஏறிவந்த அமிலத்தை முறித்து விழுங்க வைப்பது நம் எச்சில். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும், விழுங்குவதும் அரிது. பகலில் சில நிமிடத்தில் இறங்கிவிடும் அமிலம் ராத்திரியில் வெகுநேரம் குழாயிலேயே கிடந்து புண்ணாக்குகிறது.

அதனால் மற்ற எதைச் செய்யாவிட்டாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். எட்டரைக்குப் படுப்பவர் ஐந்தரைக்குச் சாப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாராலும் முடியாது. அப்படியானால் கனமான சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குள் இரண்டு மூன்று இட்லியோ, சாமைச் சோற்றில் கொஞ்சம் பருப்போ போதும் என்று வைத்துக்கொள்ளலாம். குளிருக்கு அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசுங்கள். உட்கார்ந்திருந்தால் சரி, சாய்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பால் தொண்டையில் இறங்கும்போது குளுமையாக இருக்கும், கொஞ்ச நேரம் எரிச்சலும் அடங்கும். பிறகு அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மேலும் அமிலம் சுரக்கத் தூண்டும், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

அடுத்தது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மொத்தக் கட்டிலும் சரிவாக நிற்க வேண்டும். தலையணையை மூன்று நான்காக அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு நசுங்கும், பலன் தலைகீழாகிவிடும். தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள், பழைய கம்பளிகளை மடித்து இடுப்பிலிருந்து தலைவரை சாய்தளமாக வரும்படி பாய்க்கு அடியில் கொடுக்கலாம். கட்டைகள் நழுவாமல் இருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பிறகு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இது பாட்டி சொன்ன கதை மட்டும் இல்லை. இரைப்பையின் பெரிய பகுதி இடப்பக்கம் இருக்கிறது. இடது பக்கம் படுத்தால் அமிலம் தேங்கும் இடம் பையின் வாயைவிடத் தாழ்ந்துவிடும். வலப்பக்கம் படுத்தால் வாய் கீழே வந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம் இதைவிட வேறு கிடையாது.

குனிவதும் கட்டுவதும்

பையை வெளியிலிருந்து அழுத்தினாலும் வாய் திறக்கும். தொப்பை, கர்ப்பம், இறுக்கிய பெல்ட், இடுப்பில் முடிச்சுப் போட்டு வரிந்து கட்டிய பாவாடை நாடா, மூட்டை தூக்குவது, குனிந்து வேலை செய்வது எல்லாம் அப்படித்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டுத் தோட்டத்தில் களையெடுக்கும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு குனிந்தால் நெஞ்சு கரிக்கிறது என்றால் அதில் அதிசயமே இல்லை. முடிந்தவரை குனிகிற வேலையைக் காலையில் முடித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து செய்கிற வேலையை வைத்துக்கொள்ளலாம். சௌசௌ பந்தலில் காய் பறிப்பது, பீன்ஸ் தரம் பிரிப்பது, இப்படி. கூலி வேலையில் இது நம் கையில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் மேஸ்திரியிடம் கேட்டுப் பார்க்கலாம், அவருக்கும் நெஞ்செரிச்சல் இருக்க வாய்ப்புண்டு.

எடையைப் பற்றி ஒரே வரி: தொப்பை உள்ளவர்களுக்கு எடை குறைப்பதைப் போல நீடித்த பலன் தரும் வைத்தியம் சாப்பாட்டு விஷயத்தில் வேறு இல்லை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் அழுத்தம் ஒருபுறம், அந்தத் தசையைத் தளர்த்தும் ஹார்மோன் மறுபுறம். பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது நல்லது, கைவைத்தியம் எதையும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்காமல் செய்ய வேண்டாம்.

வயதானவர்களில் பலருக்கு உதரவிதானத் துளை தளர்ந்து இரைப்பையின் மேல்முனை கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருக்கும். ஹையாட்டஸ் ஹெர்னியா என்று ஸ்கோப் (வாய் வழியே கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) அறிக்கையில் எழுதியிருந்தால் அதுதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மேலே சொன்ன படுக்கை விஷயங்களை அவர்கள் இரட்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

மலையில் விளைவது, தட்டில் விழுவது

எல்லாருக்கும் ஆகாத உணவு என்று ஒரு பட்டியல் கிடையாது. ஒருவருக்கு ஆகாத தக்காளி ரசம் இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. பட்டியலைப் பார்த்துப் பத்து உணவை ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள், ஒரு மாதத்தில் அலுத்துப்போய்ப் பதினொன்றையும் சாப்பிடத் தொடங்குவதைத்தான் பார்க்கிறேன். அதைவிட, ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது படுத்தீர்கள், எப்போது எரிந்தது. திரும்பத் திரும்ப வரும் ஒன்றிரண்டு பெயரை மட்டும் பிடித்து நிறுத்திப் பாருங்கள்.

சந்தேகப்பட வேண்டியவற்றில் முதலிடம் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், தசையையும் தளர்த்தும். மழை பெய்யும் சாயங்காலத்தில் மிளகாய் பஜ்ஜியும் டீயும் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வராது. நாலுக்குப் பதில் ஒன்று, அதுவும் ஐந்து மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகும் சாக்லேட்டில் கொழுப்பும் உண்டு, அந்தத் தசையைத் தளர்த்தும் தியோபுரோமின் என்ற பொருளும் உண்டு. அதில் புதினா சுவை சேர்த்தது இன்னும் மோசம், ஏனென்றால் புதினா எண்ணெயும் அதே வேலையைத்தான் செய்யும். சாப்பாட்டுக்குப் பின் செரிமானத்துக்கு என்று புதினா மிட்டாய் சப்புவது நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஆகாது.

காபி கொஞ்சம் சிக்கலான ஆள். கீழ்ப்பழனி மலையில் மிளகுக் கொடி ஏறிய நிழல் மரங்களுக்கு அடியில் காபிச்செடி நிற்கிறது. அதைக் குடிக்காதே என்று எழுதினால் ஊருக்குள் நுழைய முடியாது. காபி சிலருக்குத் தசையைத் தளர்த்துகிறது, சிலருக்கு எதுவும் செய்வதில்லை. வெறும் வயிற்றில் குடிப்பதை விட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன டம்ளர் என்று மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். அப்படியும் எரிந்தால் நோட்டு சொல்வதைக் கேளுங்கள். டீக்கும் இதே கணக்குதான்.

மிளகாய் எரிப்பதற்குக் காரணம் வேறு. சூட்டையும் அமிலத்தையும் உணர்கிற அதே உணர்வி நரம்பு நுனிகளில் மிளகாயின் காரத்தையும் உணர்கிறது. அந்த உணர்வியைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏற்கெனவே அமிலத்தால் புண்பட்ட குழாயில் காரம் இறங்கினால் மூளைக்குப் போவது நெருப்பு என்ற செய்திதான். மிளகும் அதே உணர்வியைத் தட்டும், கொஞ்சம் மெதுவாக. ஆகவே காரத்தை மிளகுக்கு மாற்றிவிட்டேன், இனி ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

புளிப்புப் பழங்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கமலா ஆரஞ்சும் எலுமிச்சையும் இரைப்பையில் அமிலத்தைப் பெருக்கிவிடும் என்கிறார்கள். அங்கே இருக்கிற அமிலத்துக்கு முன்னால் ஓர் ஆரஞ்சு எம்மாத்திரம்! அது போகிற வழியில் புண்ணைத் தொட்டு எரிக்கிறது, அவ்வளவுதான். புண் ஆறியபின் பலருக்கு அதே ஆரஞ்சு ஒத்துக்கொள்கிறது. புளிக்குழம்பு, தக்காளிக்கும் இது பொருந்தும்.

இனி பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் வாயுவுக்குப் பூண்டு என்ற நம்பிக்கையில், எரியும் நெஞ்சோடு பச்சைப் பூண்டை மெல்வது சரியில்லை. பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டன் என்ற மாவுச்சத்து இருக்கிறது. அது குடலில் நொதித்துக் காற்றை உண்டாக்கும், காற்று நிறைந்தால் வயிறு உப்பும். குழம்பில் வெந்த நாலு பல் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தராது. பச்சையாகவும், ராத்திரிப் பூண்டுப் பாலாகவும் சாப்பிடுவதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். பச்சை வெங்காயமும் அப்படியே.

குறை சொன்னது போதும். நம் தோட்டத்தில் விளைகிற பாதிக்கு மேல் வயிற்றுக்கு இதமானவை. சௌசௌவைச் சப்பென்று இருக்கிறது என்று கேலி செய்வார்கள், நெஞ்செரிச்சல்காரருக்கு அந்தச் சப்புதான் வேண்டும். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்து, சீரகம் மட்டும் தாளித்துச் சாப்பிடுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூசணி, சுரைக்காய் எல்லாம் வரிசையில் உண்டு, பொரிக்காத வரைக்கும். சாமை, தினை, கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம். நார்ச்சத்து கூடினால் எதுக்களிப்பு குறைவதைப் பலர் உணர்கிறார்கள். ஆனால் கஞ்சியாக ஒரு பெரிய சொம்பைக் காலி செய்தால் பை நிரம்பிவிடும், அரைச் சொம்பு போதும். விருப்பாட்சி மலைவாழைப்பழம் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தோடு நெய்யும் வெல்லமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிரசாதம் பிரசாதமாக ஒரு கரண்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, டப்பாவோடு உட்காராதீர்கள். பட்டர் ஃப்ரூட் எனும் வெண்ணெய்ப்பழம் நல்ல பழம்தான், ஆனால் பெயருக்கேற்ற கொழுப்பு அதில் உண்டு. பாலும் சர்க்கரையும் போட்டு அடித்து ராத்திரி குடிப்பது தவறான நேரத்தில் நல்ல பழம்.

கைவைத்தியங்கள்

சோடாவிலிருந்து தொடங்குகிறேன். சோடா குடித்தால் பெரிய ஏப்பம் வரும், அடைப்பு விட்டுப்போனதுபோல் தோன்றும். நடந்தது என்னவென்றால், காற்றை ஊற்றிப் பையை உப்பவைத்து, வாயை வலுக்கட்டாயமாகத் திறந்திருக்கிறீர்கள். அந்த ஏப்பத்தோடு அமிலமும் ஏறும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது வேதியியல்படி அமிலத்தை முறிக்கும், உண்மை. ஆனால் முறியும்போது கரியமில வாயு உண்டாகும், கூடவே உடம்பில் ஏகப்பட்ட சோடியமும் சேரும். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. கடையில் பொட்டலமாக விற்கும் பொங்கும் பொடிகளின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான்.

இஞ்சி, சுக்கு பரவாயில்லை. கொஞ்சமாகச் சாப்பிட்டால் இரைப்பை சீக்கிரம் காலியாக உதவும். அதிகமானால் அதுவே எரிக்கும். மலைக்கடைகளில் கிடைக்கும் சுக்குக் காபியில் மிளகு தாராளமாக விழுவதால் அது சளிக்கு ஏற்றது, நெஞ்செரிச்சலுக்கு அல்ல. வீட்டில் சுக்கும் மல்லியும் மட்டும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துப் பாருங்கள். சீரகத் தண்ணீர், சோம்புத் தண்ணீர் ஆகியவற்றால் நெஞ்செரிச்சல் நிற்கும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. கெடுதலும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பதே ஏறிய அமிலத்தைக் கீழே கழுவிவிடும், பலனில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். நீர்மோர் சிலருக்கு அமிர்தம், சிலருக்குப் புளிப்பு. வெண்ணெய் எடுத்த புதுமோராக இருக்கட்டும். மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து மதியத்தில் சாப்பிடலாம், எண்ணெயில் பொரித்த வற்றல் அந்தக் கணக்கில் வராது.

சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவது எச்சிலைப் பெருக்கி அமிலத்தைக் கழுவ உதவுகிறது. புதினா சுவை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டு மெல்லுவதும் எச்சிலைப் பெருக்குகிறதே என்று வாதாடுகிறவர்களுக்கு: புகையிலை அந்தத் தசையைத் தளர்த்தும், வாய்ப்புற்றும் கொண்டுவரும். பாக்கும் புற்றுக்குக் காரணம்தான். பீடியும் சாராயமும் தசையைத் தளர்த்துகிற வரிசையில்தான் வரும்.

அதிமதுரத்தைப் பற்றிக் கொஞ்சம் ஜாக்கிரதை. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இல்லை. தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சோற்றுக்கற்றாழைச் சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிட வேண்டும், அது பேதியாக்கும். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆப்பிள் சிடர் வினிகர் என்ற புதுப் பழக்கம் இப்போது மலைக்கும் ஏறிவந்துவிட்டது. எரிகிற குழாயில் இன்னோர் அமிலத்தை ஊற்றுவது எனக்குப் புரியாத வைத்தியம், பல்லுக்கும் கேடு.

யூகலிப்டஸ் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டுவிட்டு விழுங்கச் சொல்கிறவர்களை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது தேய்க்கிற, ஆவி பிடிக்கிற தைலம். உள்ளே போனால் விஷம். குழந்தைகளுக்குச் சிறிதளவே வலிப்பை வரவழைக்கும்.

இயற்கைப் பொருளில் நல்ல ஆதாரம் உள்ள ஒன்று மலையில் கிடைப்பதில்லை, கடலில் கிடைக்கிறது. ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். நம் ராமநாதபுரம் கடற்கரையில்கூட அந்த வகைப் பாசியைச் சேகரிக்கிறார்கள். ஆல்ஜினேட் கலந்த மருந்தைச் சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் இரைப்பையில் உணவின் மேல் கூழ்போல் ஒரு படலமாக மிதந்து, முன்பு சொன்ன மேல்மட்ட அமிலத்தின் மீது மூடியாக நிற்கும். மருந்துக்கடையில் சிரப்பாகக் கிடைக்கும். அதிலும் கொஞ்சம் சோடியம் இருப்பதால் இரத்த அழுத்தக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எப்போது டாக்டர், எப்படி மாத்திரை

மாதத்தில் ஒரு நாள் விருந்துக்குப் பின் எரிந்தால் அது நோயில்லை. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்து, மேலே சொன்னதையெல்லாம் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். விழுங்கும்போது சிக்கினாலோ வலித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, வாந்தியில் இரத்தமோ காபித்தூள் போன்ற கசடோ வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்தச்சோகை தெரிந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ அந்த ஒரு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். பல வருஷமாக எரிகிறவர்களுக்குக் குழாயின் உள்தோல் மாறிப்போய், சிலருக்குப் பின்னாளில் புற்றாகும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் ஸ்கோப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். சில இரத்த அழுத்த, ஆஸ்துமா மாத்திரைகளும் இந்தத் தசையைத் தளர்த்தும் என்பதால், சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் வகை மாத்திரைகளைத்தான் கேஸ் மாத்திரை என்கிறோம். எரியும்போது போடுகிற மாத்திரை இல்லை அது. அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டை எதிர்பார்த்து வேலையைத் தொடங்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். டீக்கடையில் வடையைத் தின்றபடி நண்பரிடம் வாங்கிப் போட்ட மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து பயமுறுத்தும், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைப்பதுதான் சரி. எஸ்டேட் வேலைக்கு ஏழு மணி ஜீப்பைப் பிடிக்கிறவர்கள், எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, அடுப்பு பற்றவைத்து, குளித்து முடித்து அப்புறம் இட்லிக்கு உட்கார்ந்தால் நேரம் சரியாக இருக்கும். காபியும் அந்த இட்லிக்குப் பின்புதான்.